ஹம்வீ இன்ஜினும் ஒரு பழைய ஷெவர்லேயும்

பழைய இன்ஜினை இறக்கிப் புதியதை ஏற்ற எனக்கு ஒன்றரை நாள் ஆனது. வண்டி ரோட்டுக்கு வர பதினோரு மாதம் ஆனது. நடுவில் அந்தப் பதினோரு மாதமும் எங்கே போனது என்று எழுதி வைத்தால், அடுத்து இறங்குகிறவருக்கு ஒரு ஆறு மாதமாவது மிச்சமாகும்.

வண்டி 1985 ஷெவர்லே சி20 பிக்கப். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் முக்கால் டன் வகை. அதில் இருந்தது 350 கன அங்குலப் பெட்ரோல் வி8. ஒரு கோடையில் தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டி ஹெட்டை வெடிக்க வைத்தேன். நல்லதாக இன்னொரு பெட்ரோல் இன்ஜின் போட்டிருந்தால் அந்த மாதமே ஓட்டியிருக்கலாம். ஆனால் நான் நாமக்கல்காரன். அப்பா நாற்பது வருடம் லாரி டீசல் பம்ப் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டில் சோற்றுத்தட்டு வரைக்கும் டீசல் வாசனை வரும். வாழ்வதோ சான் அன்டோனியோவில். தெருவுக்கு இரண்டு பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள், மிலிட்டரி டிஸ்போஸல் சாமான் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். புத்தி வேறு எங்கே போகும்?

கண்ணில் பட்டது 6.2 லிட்டர் டீசல். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் வண்டிகளில் கொண்டுவந்த வி8 இது. 379 கன அங்குலம், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் ஹெட்டில் இருக்கும் சின்ன முன்னறையில் பற்றி, அங்கிருந்து பிஸ்டனுக்கு வரும். அமெரிக்க ராணுவம் இதை இரண்டு வண்டிகளில் பெருமளவு பயன்படுத்தியது. ஒன்று சி.யு.சி.வி. என்ற பெயரில் 1980களின் நடுவில் வாங்கிய, பச்சைப் பெயின்ட் அடித்த ஷெவர்லே பிக்கப்புகளும் பிளேஸர்களும். இன்னொன்று ஹம்வீ என்ற அகலமான ராணுவ ஜீப். ஹம்வீயில் இருந்ததற்கு 3,600 சுற்றில் 150 குதிரைசக்தி. இந்தக் கால டீசலோடு பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் என் வண்டிக்கு அது போதும். இன்னொரு வசதி, ஷெவர்லே பெட்ரோல் வி8-ஐக் கியர் பாக்ஸோடு பிடிக்கும் பெல் ஹவுசிங் போல்ட் துளைகள்தான் இதற்கும். இன்ஜின் மவுன்ட்டும் சேஸில் அதே இடத்தில் உட்காரும். வெல்டிங் மெஷினைத் தொடாமலே உள்ளே இறக்கிவிடலாம்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

ஏலத்தில் நான் எடுத்தது எஃகு டிரம்முக்குள் சீல் வைத்த ஓவர்ஹால் ஹம்வீ இன்ஜின். கிட்டத்தட்ட புதுசு. உற்சாகத்தில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏங்கண்ணு, இன்ஜின் வாங்குனியா, வண்டி வாங்குனியா?" இன்ஜின்தான் என்றேன். "அப்ப இன்னும் ஒண்ணும் வாங்கல" என்றார்.

அவர் சொன்னது ஒரு வாரத்தில் புரிந்தது. டிரம்முக்குள் பிளாக், ஹெட், டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் இருந்தன. என் வண்டிக்குப் பொருந்தும் டைனமோ பிராக்கெட், ஸ்டியரிங் பம்ப் பிராக்கெட், பெல்ட் புல்லி, செல்ஃப் மோட்டார், இன்ஜினைக் கியர் பாக்ஸோடு சேர்த்துச் சுற்றும் ஃபிளெக்ஸ் பிளேட், டீசல் ரேடியேட்டர், பைப்புகள் எதுவும் இல்லை. தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்சல், ஒரு வாரம், ஒரு தவறான அளவு. ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பழைய பெட்ரோல் இன்ஜினிலிருந்து எடுத்துப் போடவும் முடியாது. டீசலுக்கு அதன் எடை சமன் வேறு.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவர் இருக்கிறார். இருபது வருடம் ராணுவ மோட்டார் பூலில், அதாவது பட்டாள வண்டிகளின் பணிமனையில், வண்டி பார்த்தவர். மூன்று மாதம் என் பார்சல்களை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, பாடி துருப்பிடித்த எம்1008 ஒன்றை, அதாவது சி.யு.சி.வி. பிக்கப்பை, எங்கோ விசாரித்துக் காட்டினார். அதை முழுசாக வாங்கிப் பின்முற்றத்தில் நிறுத்தினேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. டீசலுக்கு வேண்டிய ஒவ்வொரு சில்லறைச் சாமானும் அதில் ஷெவர்லே சேஸுக்குப் பொருந்தும்படி ஏற்கெனவே இருந்தது.

அதன் இன்ஜினையே ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். ஓடியது, சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றி, கிராங்க்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் பேரிங் கேப்புகளின் வெளி போல்ட் துளைகளைப் பார்த்தபோது நடுவில் இரண்டு இடத்தில் மயிரிழை விரிசல். 6.2-இன் பழைய பிளாக்குகளுக்கு இது தெரிந்த நோய். இந்த இன்ஜினை வாங்குகிறவர் ஆயில் நிறத்தையும் புகையையும் பார்த்துத் தலையாட்டாமல், சம்ப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் திறக்கவிடவில்லை என்றால் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். கிராங்க் முனையில் அதிர்வை அடக்க இருக்கும் ஹார்மானிக் பேலன்சரையும் பாருங்கள். அதன் ரப்பர் வெடித்திருந்தால் அதிர்வு கிராங்க்கையே ஒடிக்கும். நான் யோசிக்காமல் புதுசு போட்டேன்.

டிரம் இன்ஜினிடமும் ஒரு பாடம் இருந்தது. வருடக்கணக்கில் தூங்கட்டும் என்று சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அது தெரியாமல் செல்ஃப் அடித்தால், பிஸ்டன் மேலே வரும்போது எண்ணெய் அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடாக்கும் எட்டு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான ராட்செட் மாட்டிக் கையால் சுற்றினேன். மூன்றாவது சிலிண்டர் துளையிலிருந்து பழுப்பு எண்ணெய் பீய்ச்சி கராஜ் சுவரில் அடித்தது. அந்தக் கறையை என் மனைவி இன்னும் பெயின்ட் அடிக்க விடவில்லை, சாட்சிக்கு வைத்திருக்கிறாள்.

இனி அந்த ஒன்றரை நாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செயின் பிளாக், சார்ஜென்டின் இரண்டு கை, என் இரண்டு கை. எம்1008-இன் கியர் பாக்ஸ் நாலு சக்கர இழுவைக்கானது, அதன் பின்முனை இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்வது, என் வண்டிக்கு ஆகாது. என் சி20-இலும் அதே டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்தான் என்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை மட்டும் டீசலுடையதாக மாற்றினேன். டீசல் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். பெட்ரோல் கன்வெர்ட்டரை விட்டால் பாதி இழுவை வழுக்கலில் போய்விடும்.

பெட்ரோல் இன்ஜின் சத்தமில்லாமல் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பது அதை எடுத்த பிறகுதான் தெரிந்தது. முதலாவது வாக்குவம். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகும், அதை வைத்துத்தான் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் திராட்டில் தகடே இல்லை, உறிஞ்சலும் இல்லை. பழைய பூஸ்டரை அப்படியே விட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். எம்1008-இல் இருந்தது ஹைட்ரோ பூஸ்ட். ஸ்டியரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தையே பிரேக்குக்கும் தருவது. பம்ப், பூஸ்டர், ஹோஸ் மூன்றையும் ஒரே செட்டாக எடுத்து மாட்டினேன். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் நுரைத்துக்கொண்டு முனகும்.

பிரேக் முடிந்தது, இனி வாக்குவம் எதற்கு என்று நினைத்து, இன்ஜினின் பின்பக்கம் ஃபயர்வால் ஓரமாக இருந்த வாக்குவம் பம்ப்பைக் கழற்றிவிட்டு ஓட்டையை ஒரு தகட்டால் மூடப் போனேன். சார்ஜென்ட் ஓடி வந்து கையைப் பிடித்தார். கேம் ஷாஃப்ட்டிலிருந்து சுழலும் அந்தப் பம்ப்பின் அடித்தண்டுதான் கீழே ஆயில் பம்ப்பையும் சுற்றுகிறது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் ஆயில் பிரஷர் பூஜ்ஜியம், ஓவர்ஹால் இன்ஜின் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். பிறகு பார்த்தால் வாக்குவமும் தேவைதான் என்று தெரிந்தது. டர்போ 400 கியர் பாக்ஸ் எவ்வளவு ஆக்சிலரேட்டர் மிதிக்கிறோம் என்பதை வாக்குவத்தை வைத்துத்தான் அறிகிறது. டீசல் பம்ப்பின் பக்கவாட்டில், லீவரோடு சேர்ந்து திரும்பும் ஒரு வாக்குவம் வால்வு இருக்க வேண்டும். அது இல்லாமலோ தப்பாகவோ மாட்டினால் கியர் ஒவ்வொன்றும் உதைத்துக்கொண்டு விழும். எனக்கு அந்த வால்வைச் சரிசெய்ய மட்டும் மூன்று வாரக் கடைசிகள் போயின.

டீசலில் ஸ்பார்க் காயில் இல்லாததால் ஆர்.பி.எம். முள் செத்துப்போகும். பம்ப்பிலிருந்தும் நாசிலிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் வேண்டும். டேங்க் வாயில் பெட்ரோல் வண்டிகளுக்கென்று இருக்கும் சின்ன வளையத்தை எடுக்காமல் நான் முதல்முறை பங்க்கில் நின்று, டீசல் குழாய் நுழையாமல், புனல் கேட்டு அலைந்தேன். முன் ஸ்பிரிங் இறங்கியது, எம்1008-இன் ஸ்பிரிங் பொருந்தாது, கனமானது தனியாக வாங்கினேன்.

செல்ஃப் மோட்டாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காற்றை இருபத்தோரு மடங்குக்கும் மேல் அமுக்கும், அதாவது அவ்வளவு கம்ப்ரஷன் உள்ள, இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் கனமானது. அதன் முன்முனையை பிளாக்கோடு பிடிக்க ஒரு சின்னத் தகடு பிராக்கெட் உண்டு. பழைய வண்டிகளில் பாதிக்கு அது இருக்காது. யாரோ மெக்கானிக் போல்ட் எட்டவில்லை என்று தூக்கிப் போட்டிருப்பார். அது இல்லாமல் ஓடினால் செல்ஃப் ஆடி ஆடி, ஒருநாள் மூக்கு உடையும். கெட்ட நேரமாக இருந்தால் பிளாக்கின் காதும் சேர்ந்து உடையும். அந்தத் தகடு என் எம்1008-இல் இருந்தது. அந்த வண்டிக்குக் கொடுத்த காசில் பாதி அதற்கே சரியாகப் போயிற்று என்று சொல்லிக்கொள்வேன்.

இனி கரன்ட். ராணுவத்துக்கு எல்லாம் 24 வோல்ட். சி.யு.சி.வி.யில் இரண்டு பேட்டரி, இரண்டு டைனமோ. செல்ஃப் 24-இல் ஓடும், விளக்கு முதலான மற்றவை பெரும்பாலும் 12-இல். ஹீட்டர் பிளக்குகள் 12 வோல்ட்டுக்கானவை, அவற்றுக்கு 24-ஐ ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் எட்டு பிளக்கும் வெந்து முனை வீங்கும். வீங்கியதைப் பிடுங்கும்போது முனை முறிந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. என் எம்1008-இல் இரண்டு அப்படி இருந்தன. எனக்கு இந்தக் கூத்தே வேண்டாம் என்று வண்டியை முழுக்க 12 வோல்ட்டாக வைத்துக்கொண்டேன். 12 வோல்ட் செல்ஃப், தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் புது ஹீட்டர் பிளக்குகள், டாஷ்போர்டில் ஒரு அமுக்கு பட்டன். அதை அமுக்கியபடி எட்டு எண்ணி விடுவேன். ஆட்டோமேட்டிக் டைமரை விட என் எண்ணிக்கை நம்பகமானது.

எல்லாம் மாட்டி, கம்ப்ரஷன் பார்த்தேன். பிளக் துளைகளில் கேஜ் வைத்து எடுத்த எட்டும் 390-லிருந்து 420 பி.எஸ்.ஐ.க்குள். கையேடு கேட்பது குறைந்தபட்சம் 380, மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. சந்தோஷமாகப் பிளக்குகளை மாட்டி செல்ஃப் அடித்தேன். ஒன்றும் இல்லை. நாசில் நட்டுகளைத் தளர்த்திவிட்டு அடித்தேன். ஒரு சொட்டு டீசல் வரவில்லை. ஏர் பிடித்திருக்கிறது என்று இரண்டு நாள் ஏர் எடுத்தேன்.

அப்பாவுக்குப் போட்டேன். இந்த இன்ஜினில் இருக்கும் ஸ்டேனடைன் டி.பி.2 பம்ப்பை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வெர்னன் ரூசா என்ற அமெரிக்கர் வடிவமைத்த ரோட்டரி பம்ப் குடும்பம் அது. நம் ஊர் டிராக்டர்களில் இருக்கும் டி.பி.ஏ. பம்ப்பும் அதே தத்துவம்தான். ஒரே ரோட்டர், எதிரெதிரே இரண்டு பிளஞ்சர், சுற்றி ஒரு கேம் வளையம், எல்லா சிலிண்டருக்கும் முறைவைத்துப் பங்கு. லாரியின் இன்லைன் பம்ப் மாதிரி சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் கிடையாது. "சாவி போட்டா மேல டக்குனு சத்தம் வருதா?" என்று கேட்டார். காதை வைத்தேன். சத்தம் இல்லை. பம்ப் மூடிக்குள் இருக்கும், கரன்ட் வந்தால் டீசலைத் திறந்து கரன்ட் போனால் நிறுத்தும் சாலினாய்ட் ஹம்வீக்கான 24 வோல்ட்டுடையது. என் 12 வோல்ட் அதைத் திறக்கவே இல்லை. இரண்டு நாள் நான் ஏர் எடுத்தது மூடிய கதவின் முன்னால்.

எம்1008 பம்ப்பின் மூடியோடு 12 வோல்ட் சாலினாய்டை எடுத்து மாட்டினேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மூடியை நேராக மேலிருந்து அழுத்தி வைத்தால், சாலினாய்டின் கை உள்ளே இருக்கும், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கொக்கியைச் சிக்க வைத்துவிடலாம். அப்போது டீசல் முழுக்கத் திறந்தபடி நிற்கும், ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் தறிகெட்டு ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மூடியைச் சற்றுத் தள்ளி வைத்து, நகர்த்திக்கொண்டே உட்கார வைக்க வேண்டும். அப்படித்தான் செய்தேன். இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு சார்ஜென்ட் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயை மூட ஒரு பிளைவுட் பலகையோடு பக்கத்தில் நின்றார். துணியை வைத்தால் உள்ளே உறிஞ்சிவிடும், கையை வைக்க நினைக்கவே கூடாது. செல்ஃப் அடித்தேன். இரண்டு சிலிண்டர், நாலு சிலிண்டர், வெள்ளைப் புகை, பிறகு எட்டும் சேர்ந்து அந்தக் கடகட. அப்பா போனில் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆறாவது நாசில் கொஞ்சம் தட்டுது, அப்பறமா பாரு" என்றார். ஆறாவது என்று பத்தாயிரம் மைல் தள்ளி எப்படித் தெரிந்ததோ! கேட்டால் சொல்ல மாட்டார். சோதித்தபோது ஏழாவது நாசில்தான் ஒழுகியது, அதையும் அவரிடம் நான் சொல்லவில்லை.

ரோட்டில் ஓட்டிய இரண்டாவது வாரம், சிக்னலில் நின்றபோது அணைந்தது. பத்து நிமிடம் விட்டால் ஓடும், மறுபடி அணையும். ரிட்டர்ன் பைப் கழுத்தைத் திறக்கச் சொன்னார் அப்பா. உள்ளே இருந்த சின்ன வால்வில் காப்பித்தூள் மாதிரி கறுப்புத் துகள். டி.பி.2 பம்ப்பின் கவர்னர் எடைகளைப் பிடிக்கும் வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். வருடங்கள் போனால் அது உதிர்ந்து ரிட்டர்னை அடைக்கும், பம்ப்புக்குள் அழுத்தம் ஏறி டீசல் நிற்கும். ஓடாமல் டிரம்மில் இருந்ததாலேயே பம்ப் புதுசு என்று நினைத்தது என் தப்பு. இருந்த இடத்திலேயே அதற்கு வயசாகியிருந்தது. பம்ப்பை இறக்கி, மாற்று வளையமும் சீல்களும் போட்டு டெஸ்ட் பெஞ்சில் வைத்துக் கொடுக்கும் கடையில் கொடுத்தேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். பம்ப்பை மறுபடி மாட்டும்போது ஃபிளாஞ்சிலும் முன் கவரிலும் இருக்கும் கோடுகள் நேருக்கு நேர் வர வேண்டும், கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவையுங்கள்.

பைப் ஒழுக்கைத் தேடும்போது விரலால் தடவாதீர்கள். நாசில் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் விரலே போகலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்பாவின் கடையில் சேர்கிற பையன்களுக்கு முதல் நாள் சொல்வது இதுதான், டீ வாங்கி வரச் சொல்வதற்கும் முன்னால்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிபொருள் மாறியதை கவுண்டி அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் சொல்லி ஆவணத்தைச் சரிசெய்தேன். எங்கள் கவுண்டியில் அப்போது புகைச் சோதனை கிடையாது. கலிஃபோர்னியாவில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு அப்படியே இறங்க வேண்டாம், அங்கே இன்ஜின் மாற்றத்துக்கு விதிகள் கடுமை. இன்ஜின் வாங்கும் முன் அதை விசாரியுங்கள்.

காலியாக ஓட்டினால் முன்பு காலனுக்கு 11 மைல், இப்போது 18. லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேட்டில் பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். இரண்டாவது வண்டி வாங்கிய காசையும் சேர்த்தால், மிச்சமாகும் எரிபொருளில் இதை ஈடுகட்ட எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து கரன்ட் போன வாரம், தெருவில் பல வண்டிகள் எழுந்திருக்கவில்லை. என்னுடையது எட்டு எண்ணியதும் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் நின்ற மனைவியைப் பார்த்துப் பெருமையாகக் கையசைத்தேன். மூன்று நிமிடத்தில் அணைந்தது. எங்கள் ஊர் டீசல் அந்தக் குளிருக்குக் கலந்தது இல்லை, மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிட்டது. போனில் ஒரு கோடுதான் சிக்னல். அப்பா சொன்னார், "காஷ்மீர் லோடு போற நம்ம டிரைவருங்க டேங்குக்கு அடியில அடுப்பு பத்த வெப்பாங்க. நீ அந்த வேலையெல்லாம் வெச்சுக்காத. ஃபில்டர் மேல சுடுதண்ணி ஊத்து." கேம்பிங் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எடுக்கப் போனால், அதில் பிள்ளைகளுக்குச் சேமியா போடத்தான் வைத்திருக்கிறேன், இறக்கின பிறகு வண்டிக்கு வைத்துத் தருகிறேன் என்றாள் மனைவி. பலகையோடு நின்ற அதே இடத்தில் சார்ஜென்ட் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் காத்திருந்தோம்.